மான்கொம்பு உப்பு

ஸ்காபரோ, டிசம்பர் 12

அன்புள்ள மகளுக்கு,

25ஆம் திகதி நத்தாருக்குச் சுடும் பிஸ்கட் பொங்குவதற்கென்று நீ ஒஸ்லோவிலிருந்து அனுப்பிய தூளின் நோர்வேப் பெயரை அகராதியில் பார்த்தேன். மான்கொம்பு உப்பு என்று இருந்தது. “வெள்ளிக்கிழமையில மச்சத்தை ஏனப்பா குசினிக்குள்ள கொண்டுவந்தனீங்கள்?” என்று அம்மா அதை மாமிசமாக எண்ணிப் பால்கனியில் வைத்துவிட்டாள்.

நான் விடவில்லை, மேலும் தேடிப் படித்தேன். முன்பு மான்கொம்பைச் சூடாக்கித்தான் எடுத்தார்களாம். இப்போது தொழிற்சாலையில் செய்கிறார்கள், பெயரில் மட்டும்தான் கொம்பு மிஞ்சியிருக்கிறது. அதைக் கேட்ட பிறகே அம்மா பிஸ்கட் சுட்டாள். வேகும்போது வீடு நாறியது, வெந்தபின் அந்த நாற்றமே இல்லை.

எங்களுக்குச் சொல்லாமல் நீ கலியாணம் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒன்று அறிய வேண்டும். மானைக் கொன்று கொம்பு எடுத்தார்களா, தானாக விழுந்ததைப் பொறுக்கினார்களா? உன் கணவர் அந்த நாட்டுக்காரர். அவரையே போன் எடுக்கச் சொல். இந்த முறை குரல் கேட்டதும் வைக்கமாட்டேன்.

அப்பா