டம்ளரில் நட்ட களை

அன்புள்ள நைனாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலந்தானே? பாரிவாக்கத்தில் நம் கீரைப் பாத்திகள் மழைக்குத் தப்பினவா? ஐதராபாத்தில் நான் சுகம். சாப்பாடு மட்டும் என்னோடு பேசுவதில்லை.

ஒரு சின்ன வேடிக்கை. தாவர ஆய்வகத்தில் சேர்ந்ததும் நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டேன். ஒரு நாற்றுத் தட்டு முழுக்கக் களை மண்டிக் கிடந்தது. நம் வீட்டுக் கை சும்மா இருக்குமா? வேரோடு பிடுங்கிவிட்டேன். அதுதான் சீனியர் சுபாஷினி அக்காவின் ஆராய்ச்சிச் செடியாம்.

“இன்னாக்கா, களையப் போய் யாராச்சும் வளப்பாங்களா?” என்றேன்.

“விதை எடுக்கறதுக்குள்ள பிடுங்கிட்டியே, கனி. வேற விதை இல்லடி” என்றார்.

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவரோ காலித் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அம்மாவிடம் பருப்புப் பொடி அனுப்பச் சொல்லுங்கள். போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

குப்பையிலிருந்து பொறுக்கிய அந்தச் செடிகளை விடுதியில் டம்ளரில் நட்டிருக்கிறேன். எல்லாம் தலை தொங்கிக் கிடக்கின்றன. நைனா, நீங்கள் பிடுங்கி வரப்பில் எறிகிற களை மறுபடி வேர்விட்டு உங்களிடம் திட்டு வாங்குமே, அது எப்படிப் பிழைக்கிறது? சீக்கிரம் சொல்லுங்கள்.

சுபாஷினி அக்கா வருகிறார், நிறுத்துகிறேன்.

உங்கள்
கனிமொழி