தொட்டிக்கு வெளியே ஓர் ஆள்

பர்கண்டி, அக்டோபர் 9

அன்பு மகள் எலியானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர. நீயும் அந்தத் தாஸ்மேனியாக் குளிரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் அறுவடைக்கு நடுவில் வந்தது, அதனால்தான் பதில் இத்தனை தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

நம் பினோ திராட்சையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மெல்லிய தோல், வெயில் அடித்தால் சுருங்கும், மழை பெய்தால் அழுகும், மருமகளாக வந்திருந்தால் என்றைக்கோ அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஏப்ரல் பனியில் பாதிக் குருத்து கருகியது, செப்டம்பர் மழையில் மிச்சத்தில் பாதி பூஞ்சை பிடித்தது, நல்ல பழமாகப் பொறுக்கிப் போட்டதில் ஒரே ஒரு ஒயின் தொட்டிதான் நிறைந்தது. இந்த வருஷம் முழுக்க அவ்வளவுதான். பறிக்க வந்தவர்கள் மறுநாளே போய்விட்டார்கள், வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

நாலாம் நாள் சாறு நொதித்துப் பொங்க ஆரம்பித்தது. தோல் எல்லாம் மேலே திரண்டு நின்றது, மிதித்து அமுக்காவிட்டால் காய்ந்து புளித்துவிடும், தடியால் குத்தலாம் என்றால் என் தோள் கேட்கவில்லை. அப்பா மிதிக்கும்போது நான் வெளியே ஏணியருகே நிற்பேனே, நினைவிருக்கிறதா. பொங்கும் சாற்றிலிருந்து எழும் காற்று சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும், அதனால் உள்ளே இருப்பவர் வாயை மூடக் கூடாது, குரல் நின்றால் வெளியே நிற்பவர் இழுத்துப் போட வேண்டும். முப்பத்தாறு வருஷம் உன் அப்பாவின் நாராசமான பாட்டைக் கேட்டேன். இந்தப் பிப்ரவரியில் நின்றது, என்னால் இழுத்துப் போட முடியவில்லை.

யாரைக் கூப்பிடுவது. அடுத்த வீட்டு அனத்தோல் இருக்கிறார்தான், ஆனால் எல்லைக் கல் தகராறுக்குப் பிறகு பதினொரு வருஷமாக நம் வீட்டோடு பேச்சில்லை, அப்பாவின் அடக்கத்துக்குக்கூடக் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனவர். அவரிடம் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. காலை ஏழு மணிக்குத் தொட்டி அறைக் கதவைத் தெருப் பக்கம் திறந்து வைத்து, யார் காதிலாவது விழட்டும் என்று பாடிக்கொண்டே இறங்கினேன். முட்டாள்தனம்தான், திட்டாதே. பாதிப் பாட்டில் வரி மறந்துபோயிற்று, நின்று யோசித்தேன், அவ்வளவுதான், அனத்தோல்தான், வீட்டுச் செருப்போடும் முகத்தில் சவர நுரையோடும் ஓடி வந்து, ஓதேத், இருக்கியா, செத்துட்டியா என்று கத்தினார். இருக்கேன், வரிதான் மறந்துபோச்சு என்றேன். அறிவிருக்கா உனக்கு, தனியா எறங்கலாமா, பேசு, ஏதாவது பேசிக்கிட்டே இரு என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நான் என்ன பேச, உன்னைப் பற்றித்தான் பேசினேன், ஏழு வயதில் நீ அவர் தோட்டத்தில் செர்ரி திருடியது உட்பட. தெரியும், அன்னிக்கே பாத்தேன் என்றார்.

அப்புறம் எட்டு நாள் ஏழு மணிக்கு டாண் என்று வந்தார். காப்பி குடிக்கக்கூட நிற்க மாட்டார். எல்லைக் கல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நேற்று சாற்றை வடித்துப் பீப்பாயில் இறக்கினேன், நிறம் நன்றாக வந்திருக்கிறது, மணம் அப்பாவின் நல்ல வருஷங்களைப் போல. இன்று மிதிக்க ஒன்றுமில்லை, அவர் வரவும் காரணமில்லை. ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காப்பி இரண்டு கோப்பை போட்டிருந்தேன், இரண்டையும் நானே குடித்தேன்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்குப் பழகவில்லை எலியான். உன்னை வா என்று கூப்பிடவில்லை, உனக்கும் அங்கே கொடிகள் இருக்கின்றன. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி, இந்த வருஷம் யாருமே இல்லாமல் நான் ஒருத்தியாகவே தொட்டி மிதித்தேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் படித்தேன், அஞ்சல்காரரிடம்கூடச் சொன்னேன். நானே உள்ளே இறங்கிய பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலோடு படுக்காதே, மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். பதில் நீளமாக எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ இறங்கும்போது தொட்டிக்கு வெளியே நிற்பது யார் என்று ஒரு பெயர் மட்டும் எழுது. பெயர் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது.

உன் அம்மா
ஓதேத்