டீசல் தொட்டியில் தீர்த்தம்

திருக்காட்டுப்பள்ளி,
புதன்கிழமை.

அன்பு மகள் லின்சிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் முழு நலம், அப்பா முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன், என் வேண்டுதலை அவள் இப்போது காதில் வாங்குவாளா என்பது வேறு விஷயம். போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததுமே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மெக்கானிக் உபைதுல்லா அண்ணன் மகள் ஜஸீலா வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் பம்புசெட் இஞ்சினுக்கு சர்வீஸ் செய்தார் உன் அப்பா. கறுத்துப்போன ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, பெல்ட்டை அமுக்கிப் பார்த்து, என் பழைய சேலையில் பாதியைக் கிழித்துத் துடைத்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என் முகத்தை ஒருநாளாவது அப்படி உற்றுப் பார்த்திருப்பாரா, கேள். எல்லாம் முடிந்ததும் இஞ்சின்மேல் மாதா கோயில் தீர்த்தம் தெளிப்பது நம் வீட்டு வழக்கமாயிற்றே, கை கழுவிட்டு வரேன், நீயே தெளிச்சுடு விண்ணரசின்னு சொல்லிவிட்டுப் போனார். மேலே தெளித்தால் சூட்டில் காய்ந்துபோகிறது, உள்ளே போனால்தானே உருப்படியாக வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றியது. மூடியைத் திறந்து அரைப் பாட்டில் தீர்த்தத்தை டீசல் தொட்டியில் ஊற்றி, சிலுவையும் போட்டுவிட்டேன். சிரிக்காதே.

கொஞ்ச நேரம் ஓடிய இஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. குறுவை நாற்றுக்கு அன்றோடு பதினெட்டு நாள், நம் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை, இரண்டு நாள் காய்ந்தால் நாற்றங்காலை மறந்துவிட வேண்டியதுதான். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் இஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும், வேகம் பிடித்த பிறகுதான் தூக்கிப் பிடித்த லிவரை விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற மனுஷன், இரண்டையும் மறந்து இறுக்கிப் பிடித்துச் சுற்றினார். ஹேண்டில் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. விரல் ஐந்தும் இருக்கிறது, பயப்படாதே. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது லின்சி, என்னால்தான் இப்படி ஆயிற்று என்று அன்று முழுக்க அழுதேன்.

மறுநாள் உபைதுல்லா அண்ணன் வந்து ஃபில்டரைக் கழற்றினால் தண்ணீர். ஏம்மா, தொட்டியில எப்படி இவ்வளவு தண்ணின்னு கேட்டார். மழைண்ணே என்றேன். மழை பெய்து இரண்டு மாதமாகிறது, அவர் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் செய்தேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, தொட்டியை அடிவரை வடித்து, புது ஃபில்டர் போட்டு, குமிழி அடங்கி வெறும் டீசல் வரும்வரை குழாயில் ஏர் எடுத்தேன். ஓட ஆரம்பித்த பிறகு, சேலை சிக்கிக்கொள்ளும் என்று பெல்ட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்றங்கால் நனைந்துவிட்டது. அப்பாவோ, பங்க்காரன் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், நாளைக்கு மாவுக்கட்டோடு போய்ச் சண்டை போடப்போகிறாராம். நான் என்ன செய்யட்டும்?

உன் காரில் ஜெபமாலையை மாட்டினால் மட்டும் போதாது, ஆயில் அளவையும் பார். வேளைக்குச் சாப்பிடு. உங்கள் இருவருக்கும் என் ஆசீர்.

அன்பு அம்மா,
விண்ணரசி

பின்குறிப்பு: பதிலுக்குக் காத்திருந்தால் பங்க்காரன் பாவம் என்னைச் சும்மா விடாது. ஒட்டும் முன்பே கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டேன். மாவுக்கட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். கீழே கிறுக்கியிருப்பது அவர்.

லின்சி, இனி சர்வீஸ் உன் அம்மா செய்யட்டும். தீர்த்தம் நான் தெளிக்கிறேன். அப்பா.