வெளுத்த இடது கை

12-6-74, புதன், ராத்திரி

குஞ்சு, நீ எங்களை விட்டுக் கண்மூடிப் போன சேதியை எழுதியிருந்தேனே, அதற்குக் கொடைக்கானல் துரைசாணியம்மா இன்று பதில் போட்டிருக்கிறாள். உனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி உன் தங்கை வள்ளியை அனுப்பினால் அவளுக்கும் கோல்ப் கற்றுக்கொடுப்பாளாம். நன்றாக ஆடினால் சீமைக்குக் கூட்டிப்போய்ப் பந்தயத்தில் விடுவாளாம். அங்கே பொம்பளைகளுக்கு அதுவே உத்தியோகமாம்.

பீங்கான் பாக்டரியிலிருந்து வந்த உன் அப்பாவிடம் சொன்னேன். "ஒருத்திய அனுப்பிப் பட்டது பத்தாதாடி? பொண்ணு பாக்க வந்தவங்க வெண்குஷ்டம்னு எழுந்து போனாங்களே, மறந்துட்டியா?" என்றார்.

மறக்கவில்லை. ஆடும்போது நீ இடது கையில் மட்டும் உறை போடுவாய். அந்தக் கை வெளுத்தும் வலது கை வெயிலில் கறுத்தும் இருந்தது. இரண்டும் ஒரே நிறமாகட்டும் என்று நான்தான் உன்னைத் திரும்ப அனுப்பாமல் வீட்டில் வைத்தேன். அதற்குள் காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது.

வள்ளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் உறையே போடலப்பா. ரெண்டு கையும் ஒண்ணா கறுக்கட்டும், அப்ப எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன்" என்றாள். அவர் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அனுப்பாவிட்டால் இவளையும் அடைத்துப் போட்டவள் ஆவேன். அனுப்பினால், உனக்குத் தராததை இவளுக்குத் தந்தேன் என்று என்மேல் கோபப்படுவாயாடி?