எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தம்

பிப்ரவரி 3
நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். பிள்ளைகளின் செருப்பு அலமாரிக்கு மேலே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பாப்பாவை எங்கே விடுவேன்? இடுப்பில் வைத்துக்கொண்டா லேபில் ரத்தம் எடுப்பேன்? ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எல்லாரும் நகராட்சி வாசலில் நிற்கிறோம். நான் செயலாளர். "நீங்கதான் படிச்சவங்க" என்றார்கள். படித்ததற்குத் தண்டனை.

பிப்ரவரி 5
இவரைக் கூப்பிட்டேன். "நான் வரக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டிருக்கேன்ல?"
மாதத்தில் இரண்டு நாள் ரிசர்வ் படைப் பயிற்சி. மற்ற நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். ஆனாலும் லீவு நாளில்கூட போராட்டத்தில் நிற்கக் கூடாதாம், மேடையில் பேசக் கூடாதாம், சீருடையில் ஒரு பொத்தான்கூடக் கூட்டத்தில் தெரியக் கூடாதாம்.
"அப்போ நீங்க எப்பதாங்க இந்த வீட்டு ஆளு?"
"எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். பஸ்ஸுக்கு நிக்கிறவனை யாரு கேக்கப் போறா?" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு
நல்ல கூட்டம். திடீர் மழை. பாப்பா நடுங்கினாள். சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான்தான் கத்தினேன்: "ஏங்க, வண்டிப் பெட்டியில மழைக்கோட்டு இருக்கு, எடுத்துட்டு வாங்க!" ஓடி வந்தார். பாப்பாவுக்குப் போர்த்தி, தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் இருக்குமா? எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிப்ரவரி 10
பேப்பரில் படம். அப்பா தோளில் பாப்பா, அவள் முதுகு முழுக்கப் படைப்பிரிவின் முத்திரை, பின்னால் எங்கள் பதாகை. படையில் கொடுத்த கோட்டு. எங்கள் கோட்டின் ஜிப் போனதால் போன வாரம் பெட்டியில் மாற்றி வைத்தது யார்? நான்.
மாமியார் நான்கு பேப்பர் வாங்கி வந்தார். "எம் பேத்தி பேப்பர்ல வந்துட்டா!"

பிப்ரவரி 12
விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம். படையிலிருந்து நீக்கினால் வேலையும் போகும். அவர் பார்ப்பதெல்லாம் படை முகாம் கட்டட லிஃப்ட்கள்தான்.
பக்கத்து வீட்டு வக்கீல் அக்கா விதியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "குழந்தை நனையலாம்டி. கோட்டு நனையக் கூடாது."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 16
எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கோட்டு எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டாராம். "என் மனைவி எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றாராம்.
"நான் பொய் சொல்லலையே?"
சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. கூட்டம் போட்டது நான், கோட்டு வைத்தது நான், கூப்பிட்டது நான் — ஓடி வந்தது மட்டுமாவது அவருடையது என்று சொல்லியிருக்கலாம்.
இன்னும் ஒன்று: நானும் படைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டுமாம்.

பிப்ரவரி 17
"என் கவனக்குறைவால் நேர்ந்தது. இனி இத்தகைய கூட்டங்களில் கலந்துகொள்ள மாட்டேன்." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் எந்தப் படையில் சேர்ந்தேன்? எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்? கல்யாணப் பதிவேட்டில் போட்டேன், அவ்வளவுதான்.
செயலாளர் பொறுப்பையும் விட்டாயிற்று.

பிப்ரவரி 20
அவர் பேசுகிறார். நான் பாப்பா மூலம் பதில் சொல்கிறேன்.

பிப்ரவரி 28
இன்று காப்பகத்தை மூடினார்கள். மற்ற அம்மாக்கள் நகராட்சி வாசலில் பதாகையோடு நின்றார்கள். என் கையெழுத்தில் எழுதிய பதாகை. நான் எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு. "யாருக்கும்மா கத்துறாங்க?" என்று கேட்டாள். "உனக்குத்தான்" என்றேன்.
மூன்று பஸ் வந்தன. ஏறவில்லை.