உங்கள் கேரியரைக் கழற்றிவிட்டேன்

அன்புள்ள அப்பா,

இவ்வளவு ராத்திரியில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேத்தி யாழினி இப்போதுதான் தூங்கினாள். உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் வண்டியின் தலையில் இருந்த கேரியரைக் கழற்றிவிட்டேன்.

திருவெறும்பூரில் உங்களோடு வேலை பார்த்தவர் ஆசையாக வெல்டிங் செய்து கொடுத்தது அது, தெரியும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் கிடக்கிறது. நனையக் கூடாதென்று அம்மா அதன்மேல் உங்கள் பழைய வேட்டியைப் போர்த்தியிருக்கிறாள். என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நடந்தது இதுதான். போன மாதம் எடமலைப்பட்டி புதூரிலிருந்து சித்தப்பாவின் பீரோவைக் கேரியரில் கட்டி எடுத்துவந்தேன். அப்பா ஏற்றாத பாரமா என்ற தைரியம். பைபாஸில் ஒரு நாய் குறுக்கே வர, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பியது உடம்புக்குத் தெரிந்தது. பிறகு தொப்பென்று இறங்கி நின்றது.

பின்சீட்டில் அம்மா மடியில் யாழினி. இரண்டு பேருக்கும் பெல்ட் இல்லை. "அம்மா, இன்னொரு தடவ" என்று சிரித்தாள் குழந்தை. அந்தச் சிரிப்புதான் என்னைக் கேரியரைக் கழற்ற வைத்தது.

உயரமான வண்டி, வயதும் ஆகிவிட்டது. தலையில் கனம் ஏற ஏறக் கவிழ்வது சுலபமாகிவிடுகிறது. டயரில் பட்டன் தேயாமல்தான் இருந்தது, ஆனால் ரப்பர் இறுகிப்போயிருந்தது. நான்கையும் மாற்றினேன். ஷாக் அப்சார்பரும் புதிது. காற்றை வாராவாரம் பார்க்கிறேன். பின்னால் பெல்ட்டுகளைச் சரிசெய்து, யாழினிக்குத் தனியாக ஒரு குழந்தை சீட்டும் மாட்டியாயிற்று. கேரியர் மட்டும்தான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மணப்பாறை தாண்டி நம் குலதெய்வக் கோயிலில் யாழினிக்கு முடியிறக்கிக் காது குத்துகிறோம். பொங்கல் பானையில் யார் காலும் படக்கூடாதென்று நீங்கள் எப்போதும் அதைத்தானே முதலில் கேரியரில் கட்டுவீர்கள்?

"இப்ப பானைய எங்கடி வைப்ப? கால் வைக்கிற எடத்துலயா?" என்றாள் அம்மா.

"விடுங்க அண்ணி, பானைக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துருவோம்" என்றார் சித்தப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "அவர் ஒரு வருஷமாவது அத உள்ள வச்சாரா? நான் மடியில வச்சுக்கிட்டு பஸ்லயே வந்துக்கறேன். நீங்க வண்டியில வாங்க."

அரிசி, அடுப்பு எல்லாவற்றையும் சித்தப்பா குட்டியானை வண்டியில் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். மிச்சம் பானையும் அம்மாவும்தான். பேத்திக்குக் காது குத்தும் நாளில் அம்மா மட்டும் தனியாக பஸ்ஸில் வந்தால் எனக்கு எப்படியிருக்கும்?

இன்று சாயங்காலம் முன்சீட்டைத் துடைத்து, மஞ்சள் துணி விரித்துப் பானையை வைத்தேன். பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அது அவள் உட்கார்ந்து பழகிய இடம். கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"அப்ப நான்?"

"பின்னாடி, யாழினி பக்கத்துல. பெல்ட் போட்டுக்கிட்டு."

"என்னையும் கட்டிப் போட்டுத்தான் கூட்டிட்டுப் போவியா?"

"ஆமாம்மா. அப்பாவ அனுப்பிட்டு நிக்கிறோம்ல, அதுவே போதும்."

பானைமேல் பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்ததை அம்மா விரலால் நீவிச் சரிசெய்தாள். பிறகு, "உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேளு. அவர் சரின்னா வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. நாய் வந்தாலும், மணப்பாறைச் சந்தைக்குப் போகிற மாடு வந்தாலும், பிரேக்கைத்தான் மிதிப்பேன். ஸ்டியரிங்கை ஒடிக்க மாட்டேன். வளைவில் பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் மெதுவாகத்தான் போவேன். எல்லாரும் பெல்ட் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவேன்.

என் கனவில் நீங்கள் வருவதே இல்லை. அது ஏனென்று இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன். அம்மா கனவில் அடிக்கடி வருகிறீர்களாமே. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, சரி என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அப்பா. சீக்கிரம்.

உங்கள் மூத்த மகள்,
யாழினியின் அம்மா