ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்பு அட்டை

9, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொடியில் போட்ட வெள்ளை வேட்டியில் வழக்கம்போல் கரித்தூள். மறுபடி அலசல்.

காரில் முன்பக்க இடது சக்கரத்தில் கடக் கடக். முத்தாண்டிக்குப்பம் ரோட்டுப் பள்ளம் செய்த வேலை. லோயர் ஆர்ம் போய்விட்டதாம். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற இரும்பு என்று இவர் விளக்கம். மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். நிலக்கரி மைன்ஸில் மலை மாதிரி மிஷினைக் கழற்றி மாட்டுகிற மனுஷன் கேட்பாரா? பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் நிவிக்கு மாதம் ஒன்பது. எந்த நேரமும் வடலூர் டாக்டரிடம் ஓட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் வேலை என்கிறார். இவருடைய ஒரு நாள் எனக்குத் தெரியாதா.

10, புதன்

புழுக்கம். வாங்க: பெருங்காயம், பேரீச்சை, பிளாஸ்க்.

காலையிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசலில் ஜாக்கி மேல் கார். பழைய ஆர்ம் வெளியே வந்தது, ரப்பர் கிழிந்து தொங்கல். புதியதை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினார். அந்நேரம் பார்த்து போன். கன்வேயர் பெல்ட் அறுந்துவிட்டதாம், ஆள் இல்லையாம். சாப்பிடக்கூட இல்லை, ஓடிவிட்டார்.

ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. மைன்ஸில் மிஷினை நிறுத்தி வேலை செய்யும்போது கட்டுகிற அட்டை. 'இயக்காதே' என்ற எழுத்துக்குக் கீழே பெயர், கையெழுத்து எல்லாம் போட்டு. வீட்டுக் காருக்கு! பைத்தியம்.

11, வியாழன்

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்று சாயங்காலம் நிவிக்கு வலி. மாப்பிள்ளை சென்னையில். இவர் போன் எடுக்கவில்லை. கார் வாசலில் நாலு சக்கரத்தில் ஜம்மென்று நிற்கிறது, எனக்கு ஓட்டத் தெரியாது. எதிர்வீட்டு தேவராஜைக் கூப்பிட்டேன். அவரும் மைன்ஸ்தான். சாவியை வாங்கிக் கதவைத் திறந்தவர், அட்டையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, இத நான் தொடமாட்டேன். கட்டினவருதான் வந்து அவுக்கணும்."

பிள்ளை துடிக்கிறாள், அட்டையா முக்கியம் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நானே பிய்க்கப் போனேன். குறுக்கே நின்றுகொண்டார். அப்புறம் பைக்கில் போய் ஆட்டோவோடு வந்தார், ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தார். மைன்ஸ் கேட்டுக்குத் தகவல் சொன்னதும் அவர்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நிவி என் கையை நெரித்தாள்.

பெண் குழந்தை. இருவரும் நலம். அப்பாடா.

விடிந்ததும் இவர் ஷிப்ட் சட்டையோடு வந்து நின்றார். காரில் வரவிடவில்லை என்று தேவராஜ் மேல் புகார் படித்தேன். இவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் புது ஆர்மின் போல்ட்டை முழுசாக இறுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொள்ளுமாம். இறக்கினார், இறுக்குவதற்குள் போன் வந்துவிட்டது. எல்லாம் கையால் திருகியதோடு சரி. எடுத்திருந்தால் பாதி வழியில் சக்கரம் சாய்ந்திருக்கும் என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னங்க?"

"அதான் அட்டை கட்டினனே."

14, ஞாயிறு

லேசான தூறல். நிவியும் பாப்பாவும் வந்துவிட்டார்கள், அதே காரில். போல்ட்டையெல்லாம் இறுக்கி, அலைன்மென்ட் பார்த்து, தன் கையாலேயே அட்டையை அவிழ்த்தார். கடக் சத்தம் போயே போச்சு. வழியெல்லாம் பாப்பா தூக்கம்.

பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. நிவி கண் மூடவே முடியவில்லை. அட்டையில் இவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி, அறைக் கதவில் கட்டினேன். ஆப்பிளோடு வந்த தேவராஜ் அதைப் படித்தார், அப்படியே ஹாலில் உட்கார்ந்துவிட்டார்.

இவருடைய சட்டையெல்லாம் அந்த அறைக்குள்ளே. பனியனோடு நின்றுகொண்டு, எப்போது அவிழ்ப்பாய் என்று என்னைக் கேட்கிறார்.